“ஃபார்மட் அடிச்சிடுங்க” என்று சொல்வதற்கு முன்: பில்லிங் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பில்லிங் மென்பொருள் செய்து விற்கும் நிறுவனத்தாருக்கும், ஊர் ஊராக அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டீலர்களுக்கும், ரிமோட்டில் வந்து உதவும் சப்போர்ட் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் திண்டுக்கல்லில் கணினி சர்வீஸ் செய்பவன். மருந்துக்கடை, ஹார்டுவேர் கடை, ஜவுளிக்கடை, அரிசி மண்டி என்று பில் போடும் சிஸ்டம் இருக்கிற இடமெல்லாம் எனக்கு வேலை இருக்கும். உங்கள் மென்பொருளை நான் விற்பதில்லை. அதன் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணத்தில் எனக்குப் பங்கும் கிடையாது. ஆனாலும் அது நின்றுபோனால் கடைக்காரர் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். நான் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். நீங்கள் போனில் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் பில்லிங் திறக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே பதில்: “சிஸ்டத்தை ஃபார்மட் அடிச்சிடுங்க சார், நாங்க புதுசா இன்ஸ்டால் பண்ணித் தர்றோம்.” இந்தப் பதிலை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அது சோம்பேறித்தனமான பதில் என்பது ஒரு பக்கம். பல நேரம் அது பிரச்சினையையே தீர்க்காது. சில நேரம் கடையின் கணக்கையே அழித்துவிடும்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை மாதத்தின் இரண்டாம் செவ்வாய் வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகும். ஆக, நம் ஊர்க் கடைகளில் அது புதன், வியாழக்கிழமைத் தலைவலி. இரண்டாம் செவ்வாய் என்பது எப்போதும் 8-ம் தேதிக்கும் 14-ம் தேதிக்கும் நடுவில்தான் விழும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னுக்குக் கடைசி நாளோ 11-ம் தேதி. ஆடிட்டர் ஆபீசிலிருந்து “சேல்ஸ் ரிப்போர்ட் எங்கே” என்று போன் வந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில்தான் சிஸ்டம் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்கிறது. இது ஏதோ எப்போதாவது வரும் விபத்து இல்லை. காலண்டரில் முன்கூட்டியே குறித்து வைக்கக்கூடிய சங்கதி. நீங்கள் யாரும் குறித்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த மென்பொருள், எந்த டீலர் என்று சொல்லப் போவதில்லை. படிக்கும்போது நம்மைத்தான் சொல்கிறான் என்று பல பேருக்குத் தோன்றினால் அதுவே போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்ற அறிவிப்பு அந்தக் கடையின் திரையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கடைசியில் யாரோ ‘சரி’ என்று அழுத்திவிட, சிஸ்டம் விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டது. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. பிரிண்டர் ஓடியது, இணையம் ஓடியது. பில்லிங் மட்டும் ‘சர்வரோடு இணைய முடியவில்லை’ என்று நின்றது. பின்னணியில் ஓடுபவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் போய்ப் பார்த்தால், பில் கணக்கைச் சேமிக்கும் மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் நின்றுகிடந்தது. ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நொடி ஓடுவதுபோல் காட்டிவிட்டு மறுபடி நின்றுவிடும்.

மருந்து வியாபாரத்தில் “இன்னைக்கு மட்டும் கையால பில் எழுதிக்கலாம்” என்பது சுலபமில்லை. ஒவ்வொரு வரிக்கும் பேட்ச் எண் வேண்டும், காலாவதி தேதி வேண்டும். பில் போகாமல் மருந்துப் பெட்டி வண்டியில் ஏறாது. வேனைக் கிளப்பத் தயாராக டிரைவர் வாசலில் நிற்கிறார். உங்கள் சப்போர்ட் தம்பி ரிமோட்டில் வந்தார், ஸ்டார்ட் பட்டனைச் சில முறை அழுத்தினார், “விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு சார், ஃபார்மட் பண்ணிட்டுக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் போனபோது கடைக்காரர், “தம்பி, ஃபார்மட் அடிக்கணுமாம்ல, எவ்வளவு நேரம் ஆகும்?” என்றுதான் கேட்டார். “அண்ணே, ஒரு ஃபைலைப் படிச்சிட்டுச் சொல்றேன்” என்றேன்.

அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று உங்கள் சப்போர்ட் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர், அதற்குள் எம்எஸ்எஸ்க்யூஎல்15 என்று தொடங்கும் ஃபோல்டர். 15 என்றால் 2019 பதிப்பு, 14 என்றால் 2017, 16 என்றால் 2022. அதற்குள்ளே லாக் என்ற ஃபோல்டரில் ‘எரர்லாக்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். பெயருக்குப் பின்னால் புள்ளியும் கிடையாது, எழுத்தும் கிடையாது. டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் விழிக்கும். நோட்பேடில் போட்டால் திறந்துவிடும். டேட்டாபேஸ் ஏன் நின்றது என்பதை டேட்டாபேஸே தன் கைப்பட எழுதி வைத்திருக்கும் இடம் அது. எதற்காக அதைத் திறக்காமல் ஒரு தீர்ப்பைச் சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றைக்கு அதில் இருந்த பிழையின் எண் 5178. சொன்ன செய்தி இது: மாஸ்டர் கோப்பு 4096 என்ற செக்டர் அளவில் உருவாக்கப்பட்டது, இப்போது 16384 செக்டர் அளவுள்ள டிஸ்க்கில் இருக்கிறது, அதனால் அதைப் பயன்படுத்த முடியாது.

இதன் பின்னணி சுவையானது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். டிஸ்க் தன்னிடம் உள்ளதை செக்டர் என்ற துண்டு துண்டாகத்தான் எழுதும், படிக்கும். ஒரு துண்டு முழுதாக எழுதப்பட்டதா இல்லையா என்பதில் டேட்டாபேஸுக்கு உயிரே இருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதிய துண்டு கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் எஸ்க்யூஎல் சர்வர் இதில் கறாரானது. 512 பைட், 4096 பைட் என்ற இரண்டு அளவுகளை மட்டும்தான் ஏற்கும். இப்போது வரும் என்விஎம்இ என்ற வகை எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் சில, தங்கள் அளவு 8 கேபி, 16 கேபி (16384 பைட்) என்று சொல்லும். விண்டோஸ் 10 வரை, டிஸ்க்கை இயக்கும் டிரைவர் மென்பொருள் அந்தத் தகவலை மேலே கொண்டுபோகவில்லை. 11-ல் கொண்டுபோகிறது. அதாவது அதே டிஸ்க், அதே கோப்பு, அதே மென்பொருள்தான். டிஸ்க்கைப் பற்றிய உண்மை மட்டும் முதல் முறையாக டேட்டாபேஸின் காதுக்குப் போயிருக்கிறது, அது கேட்டுவிட்டு வேலை நிறுத்தம் செய்கிறது. எதுவும் கரப்ட் ஆகவில்லை.

உறுதி செய்வதும் எளிது. கமாண்ட் பிராம்ப்டை அட்மின் உரிமையோடு திறந்து, எஃப்எஸ்யூட்டில் கட்டளையால் சி டிரைவின் செக்டர் விவரத்தைக் கேட்டால், ‘ஃபிசிக்கல் பைட்ஸ் பெர் செக்டர்’ என்று தொடங்கும் இரண்டு வரிகள் வரும். அவற்றில் 4096-க்கு மேல் எண் இருந்தால் நோய் இதுதான். அங்கே இரண்டிலும் 16384 இருந்தது.

மருந்தை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எஸ்டோர்என்விஎம்இ டிரைவருக்குக் கீழே பாராமீட்டர்ஸ், அதற்குக் கீழே டிவைஸ். அந்த இடத்தில் ‘ஃபோர்ஸ்டு ஃபிசிக்கல் செக்டர் சைஸ் இன் பைட்ஸ்’ என்று, நடுவில் இடைவெளி இல்லாமல், ஒரு மல்டி ஸ்ட்ரிங் மதிப்பைச் சேர்க்க வேண்டும். அதற்குள் ஒரு நட்சத்திரக் குறி, ஒரு இடைவெளி, 4095. ஆமாம், 4096 இல்லை, 4095. தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாரும் ‘திருத்தி’விடாதீர்கள். பிறகு ஒரு ரீஸ்டார்ட். டிரைவர் பழையபடி 4 கேபி என்று சொல்ல, சர்வீஸ் தானாக எழுந்து ஓடியது. பில் நம்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

இப்போது நீங்கள் சொன்னபடி ஃபார்மட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அதே எஸ்எஸ்டி, அதே விண்டோஸ் 11. எஸ்க்யூஎல் சர்வரைப் புதிதாக இன்ஸ்டால் செய்தாலும் அது பாதியில் நின்று, டேட்டாபேஸ் எஞ்சின் மீண்டு எழவில்லை என்று ஒரு பிழை காட்டியிருக்கும். அடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும், “எஸ்எஸ்டி போயிடுச்சு சார், மாத்திடுங்க.” அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. “ஃபார்மட்னா சி டிரைவ் மட்டும்தான், டி டிரைவ்ல இருக்கிற உங்க டேட்டா அப்படியே இருக்கும்” என்று நீங்கள் ஆறுதல் சொல்கிறீர்கள். எஸ்க்யூஎல் சர்வரை நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தி இன்ஸ்டால் செய்தால் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே உட்காரும்? அதே சி டிரைவில், அதே புரோகிராம் ஃபைல்ஸுக்குள். அன்று அந்தக் கடையின் எம்டிஎஃப் (டேட்டா இருக்கும் கோப்பு), எல்டிஎஃப் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாக் கோப்பு) இரண்டும் அங்கேதான் இருந்தன. பேக்கப் கோப்புகளும் பக்கத்து ஃபோல்டரில்தான் இருந்தன. டி டிரைவில் இருந்தவை கல்யாண போட்டோக்கள்.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு கடைக்காரருடையது. உங்கள் சப்போர்ட் எண்ணில் எடுத்தவர் சொன்னார் என்று அதிகாரியிடம் போய்ச் சொல்ல முடியாது.

அதனால் நான் கேட்கும் முதல் காரியம் மிகச் சிறியது. எந்தச் சிக்கலாக இருந்தாலும், எதையும் தொடுவதற்கு முன், சர்வீஸ் நின்ற நிலையிலேயே எம்டிஎஃப், எல்டிஎஃப் இரண்டையும் ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்புகள் காப்பி ஆகாது, நின்றிருக்கும்போது ஆகும். நின்றுபோனதில் கிடைக்கும் ஒரே நன்மை அது. எல்டிஎஃப் வெறும் லாக்தானே, இடத்தை அடைக்கிறது என்று அதை அழித்துவிட்டு எம்டிஎஃப்பை மட்டும் எடுத்துப்போகும் பழக்கம் சில டீலர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். திடீரென்று நின்ற டேட்டாபேஸில், கடைசியாகப் போட்ட பில்கள் எம்டிஎஃப்புக்கு இன்னும் போய்ச் சேராமல் எல்டிஎஃப்பில் மட்டும் இருக்கக்கூடும். அப்புறம் டேட்டாபேஸ் ‘சஸ்பெக்ட்’ (சேதமாகியிருக்கலாம்) என்று காட்டியவுடன் டேட்டா இழப்பை அனுமதித்து ரிப்பேர் செய்யும் கட்டளையை ஓட்டுகிறீர்கள். டேட்டா போகும் என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள்! பேக்கப்பிலிருந்து மீட்க வழியே இல்லாதபோது, கடைசியாக, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஓட்ட வேண்டியது அது.

பேக்கப் என்றதும் உங்கள் மென்பொருளை மூடும்போது வருமே, ‘பேக்கப் எடுக்கவா’ என்று ஒரு பெட்டி, அதைக் காட்டுவீர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கும் அவசரத்தில் எந்தக் கடைப் பையனும் அதற்கு ஆமாம் சொல்வதில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பில் நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, வாஸ்தவம்தான். ஆனால் விண்டோஸிலேயே டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. அதில், டேட்டாபேஸுக்கு உத்தரவு கொடுக்கும் ஒரு எஸ்க்யூஎல்சிஎம்டி கட்டளையை மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்தால் யாரையும் கேட்காமல் பேக்கப் எடுத்துவிடும். இன்ஸ்டால் செய்யும் அன்றே அதையும் செய்து கொடுத்துவிட்டுப் போக உங்களுக்கு என்ன தடை? போகும் இடத்தை மட்டும் சி டிரைவாக வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஏ.எம்.சி. பணம் வாங்க வரும்போது, அந்த பேக்கப்பை வேறொரு சிஸ்டத்தில் திறந்து, போன வாரத்து பில் ஒன்றைக் கடைக்காரருக்குக் காட்டிவிட்டுப் பணத்தை வாங்குங்கள். மனதாரக் கொடுப்பார்.

அடுத்தது, பாஸ்வேர்ட். எஸ்க்யூஎல் சர்வரின் தலைமைக் கணக்கான ‘எஸ்ஏ’வுக்கு நீங்கள் வைக்கும் பாஸ்வேர்டைக் கடைக்காரருக்குச் சொல்வதில்லை. கேட்டால் பாதுகாப்பு என்கிறீர்கள். பூட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து எழுதுகிறேன், 2019-ல் எங்கள் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. பூட்டு என்றால் என்ன என்று எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்ட், அதுவும் உங்கள் நிறுவனப் பெயரோடு ஒரு எண்ணைச் சேர்த்தது என்றால், அது யாரைத் தடுக்கும்? அந்தச் சிஸ்டத்தில் அட்மின் உரிமை உள்ளவர் சர்வரை சிங்கிள் யூசர் முறையில் கிளப்பி உள்ளே போகலாம் என்று மைக்ரோசாஃப்டே வழி சொல்லியிருக்கிறது. ஆக, திருடனைத் தடுக்காத பூட்டு இது. அவசரத்துக்கு பேக்கப் எடுக்கப் போகும் சொந்தக்காரரையும் அவருடைய ஆடிட்டரையும்தான் தடுக்கிறது. கடைக்காரர் வேறு மென்பொருளுக்கு மாறிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். நிரல் உங்களுடையது, அதற்குள் இருக்கும் பில் அவருடையது.

எல்லாச் சிக்கலும் செக்டர் அளவுச் சிக்கல் இல்லை என்பது எனக்கும் தெரியும். சர்வீஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், கவுன்டரில் உள்ள இரண்டாவது சிஸ்டம் மட்டும் இணையாது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று மாறிப்போய், ஃபயர்வால் எஸ்க்யூஎல் சர்வருக்கான 1433 என்ற போர்ட்டை மூடியிருக்கும். இதற்கும் ஃபார்மட்டுக்கும் என்ன சம்பந்தம்? இன்னும் ஃபாக்ஸ்புரோ, ஆக்சஸ் டேட்டாபேஸ் கோப்புகளை ஷேர் ஃபோல்டரில் வைத்து ஓட்டும் பழைய மென்பொருள்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றுக்கு விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு வேறொரு சோதனை. அதன் புரோ பதிப்பில் பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவை மூடிவிட்டார்கள், ஷேரிங்குக்குக் கையொப்பச் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நேற்றுவரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்காது. இதற்குச் சரியான வழி, சர்வர் சிஸ்டத்தில் ஒரு யூசரை உருவாக்கி, பாஸ்வேர்ட் வைத்து, ஷேருக்கு அவருக்கு மட்டும் உரிமை கொடுப்பது. உங்கள் ஆட்கள் செய்வதோ, அந்தப் பாதுகாப்பு முழுவதையும் ரெஜிஸ்ட்ரியில் அணைத்துவிட்டுப் போவது.

2019 ஜனவரி 8 அன்று வந்த அப்டேட் நினைவிருக்கிறதா? ஆக்சஸ் 97 வடிவத்தில் இருந்த டேட்டாபேஸ்களில், ஒரு நெடுவரிசையின் (column) பெயர் 32 எழுத்துக்கு மேல் இருந்தால் ‘அடையாளம் தெரியாத டேட்டாபேஸ் வடிவம்’ என்று திறக்க மறுத்தது. கோப்பு நன்றாகவே இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் தவறை ஒப்புக்கொண்டு பிறகு சரிசெய்து கொடுத்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று நம்பி அதை ரிப்பேர் டூலில் போட்டுப் புரட்டியவர்களுக்கு வீண் அலைச்சல்தான் மிச்சம்.

மறுபுறம், பழி எல்லாம் அப்டேட் மேல் போவதும் நியாயமில்லை. எக்ஸ்பிரஸ் 2008 ஆர்2 முதல் 2022 வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. ஏழெட்டு வருட பில்லையும், பொருள் படங்களையும் அதற்குள்ளேயே திணித்து வைத்திருந்தால் ஒருநாள் 10240 எம்பியைத் தொட்டு நிற்கத்தான் செய்யும். அது புதன்கிழமை நடந்தால் விண்டோஸ் மாட்டிக்கொள்கிறது. லாக்கைப் படித்தால் இதுவும் தெரிந்துவிடும்.

உங்களில் சிலர் கண்டுபிடித்திருக்கும் இன்னொரு வைத்தியம், விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே நிரந்தரமாக முடக்கிவிடுவது. “இனிமே பிரச்சினையே வராது சார்” என்று உத்தரவாதம் வேறு. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டிப் படைத்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் வைத்திருந்த சிஸ்டங்கள்தான் வகையாக மாட்டின. டேட்டாபேஸ் சர்வீஸ் நின்றுபோனால் எனக்கு வைத்தியம் தெரியும். எம்டிஎஃப்பை ஒருவன் பூட்டி வைத்துக்கொண்டு பிட்காயின் கேட்டால் என்னிடம் மருந்து இல்லை, உங்களிடமும் இல்லை. தள்ளிப்போட வேண்டுமென்றால் அதற்கு விண்டோஸே இடம் கொடுக்கிறது. அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். ஜிஎஸ்டி தாக்கல் முடிகிற வரை ஒரு வாரம் நிறுத்தி, பேக்கப் எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளுங்கள் என்று கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கலாமே. பெரிய பதிப்பு மாற்றம் என்றால், முதல் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய்ப் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து நாள் தாண்டினால் விண்டோஸ் அந்தப் பழைய கோப்புகளைத் துடைத்துவிடும். நீங்கள் புகார் டிக்கெட் போட்டு, அது மேலே போய், திரும்பி வருவதற்குள் அந்தக் கெடு முடிந்துபோன கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

“ஒவ்வொரு அப்டேட்டையும் நாங்க எப்படி முன்கூட்டியே தெரிஞ்சுக்கிறது?” என்று ஒரு டீலர் என்னிடம் கேட்டார். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பாதுகாப்பு சாராத திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் பெரும்பாலான மாதங்களில் நான்காம் வாரமே ‘பிரிவ்யூ’ என்று விருப்ப அப்டேட்டாக விட்டுவிடுகிறது. அவைதான் அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய் எல்லோருக்கும் கட்டாயமாகப் போகின்றன. இடையில் உங்களுக்கு இரண்டு வாரம் கிடைக்கிறது. புதிய பதிப்புகளை முன்னதாகவே பார்க்க மைக்ரோசாஃப்டின் இன்சைடர் என்ற முன்னோட்டத் திட்டத்தில் ரிலீஸ் பிரிவ்யூ வழி இருக்கிறது, அதற்குப் பணம் கிடையாது. உங்கள் ஆபீசில் ஓரமாக ஒரு பழைய சிஸ்டம், அதில் உங்கள் மென்பொருள், அதில் ஒரு மாதிரி டேட்டாபேஸ். பிரிவ்யூ வந்த மறுநாள் ஒரு பையன் உட்கார்ந்து பத்து பில் போட்டு, ஒரு ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்து, கவுன்டர் சிஸ்டத்திலிருந்து இணைந்து பார்க்கட்டும். சிக்கல் தெரிந்தால் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி: இந்த அப்டேட்டை இந்தத் தேதி வரை நிறுத்தி வையுங்கள். பண்டிகைக்கெல்லாம் உங்கள் லோகோவோடு வாழ்த்துப் படம் தவறாமல் வருகிறதே, அதே குழுவில்தான் போடச் சொல்கிறேன்.

லினக்ஸில் ஓடுவதாகப் பெருமைப்படும் மருத்துவமனை மென்பொருள்காரர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பயன்படுத்துகிறீர்கள், நல்லது. 2018-ல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பு), எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. டெபியன் 10, ரெட்ஹேட் 8 என்ற லினக்ஸ் பதிப்புகளுக்கு மேலே ஏறிய சர்வர்களில் டேட்டாபேஸ் நிற்கவே இல்லை, ஓடியது. ஆனால் பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணையைப் புதிய வரிசையில் தேடியதால், இருக்கிற பதிவை இல்லை என்றது. யூனிக் என்று வைத்த இடத்தில் ஒரே எண் இரண்டு முறை பதிவாகவும் வழி உண்டானது. ரீஇன்டெக்ஸ் செய்தால் தீரும், செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால். உண்மையில் நின்றுபோகிற டேட்டாபேஸே மேல், அது நம்மைக் கூப்பிட்டாவது சொல்கிறது.

சப்போர்ட் தம்பி தங்கைகளிடம் எனக்குக் கோபமில்லை. கையில் ஒரு பேப்பரைக் கொடுத்து, இத்தனை நிமிடத்துக்குள் அழைப்பை முடி என்று சொல்லி உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் ‘ஃபார்மட்’ என்றுதான் முடிப்பார்கள், ஏனென்றால் அப்போதுதான் பந்து கடைக்காரர் பக்கம் போய் விழும். அந்தப் பேப்பரை எழுதியவர்களிடம்தான் கேட்கிறேன். அதன் முதல் வரியை மாற்றுங்கள்: எரர்லாக்கைத் திற, கடைசி ஐம்பது வரியைக் காப்பி செய், மேலே அனுப்பு. மேலே அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் பழைய வாடிக்கையாளர்களில் பலர் இன்னும் எஸ்க்யூஎல் சர்வர் 2008 ஆர்2, 2012, 2014 எக்ஸ்பிரஸில்தான் இருக்கிறார்கள். 2008 ஆர்2-க்கான ஆதரவு 2019 ஜூலை 9-லும், 2012-க்கு 2022 ஜூலை 12-லும், 2014-க்கு 2024 ஜூலை 9-லும் முடிந்துவிட்டது. 2016-க்கு 2026 ஜூலை 14. விண்டோஸ் 11-ல் இந்தப் பழைய பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. இருந்தும் புது சிஸ்டம் வாங்கிய கடைகளில், பென் டிரைவில் கொண்டுவந்த அதே 2008 ஆர்2-ஐ இப்போதும் போட்டுவிட்டுப் போகிறீர்கள். உங்கள் மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த எஸ்க்யூஎல் சர்வரில், எந்த விண்டோஸில் ஓடும் என்று ஒரு பக்கப் பட்டியல் போதும். அதைத் தமிழில் அச்சிட்டு இன்வாய்ஸோடு கொடுங்கள். அடுத்த ஏ.எம்.சி. புதுப்பிக்கும்போது கடைக்காரர்கள் அதைக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சிஸ்டங்களைப் பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஒரு சர்வீஸ் ஆள்,
திண்டுக்கல்